ஃபேமிலிக்கு மட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவம் இல்லை, வீட்டு வாடகை விஷயம். ஆனா சுத்திச் சுத்தி ஆஸ்பத்திரிக்குத்தான் வந்து நிக்கும்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல எனக்கு 2 பெட்ரூம் வீடு. பேங்க் லோன்ல வாங்கினது. போன வருஷம் வேதாரண்யம் பக்கம் அரசு மருத்துவமனைக்கு மாறுதல் ஆச்சு. 100 கிலோமீட்டருக்கு மேல, தினம் போய் வர முடியாது. அங்கே வாடகை, இங்கே இஎம்ஐ. சரி, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு முடிவு பண்ணினேன்.

கேட்டு வந்தது மூணு ஸ்டாஃப் நர்ஸ். கூட வேலை பார்த்தவங்க. நைட் டூட்டி முடிஞ்சதும் பஸ் பிடிச்சு பாபநாசம், திருவையாறுன்னு ஆளுக்கொரு ஊருக்குப் போய், மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு மறுபடி கிளம்புறவங்க. மறுநாளே அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அசோசியேஷன் செயலாளர் போன்.

"டாக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபேமிலிக்கு மட்டும்தான் விடணும்னு நம்ம தீர்மானம் இருக்கு."

"சார், மூணு பேரும் அரசு ஊழியர்ங்க."

"அது சரிம்மா. இருட்டினப்புறம் கிளம்புறது, விடிஞ்சு வர்றது... நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

அந்த நேரத்துல வார்டுல யார் முழிச்சிருக்கணும்னு இவங்க எதிர்பார்க்கிறாங்கன்னு தெரியல.

கோபத்துல சட்டத்தைப் புரட்டினேன். தமிழ்நாட்டுல வீட்டு வாடகைக்குன்னு 2017-ல ஒரு சட்டம் வந்துச்சு, 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை ஆணையத்துல பதியணும்னு அது சொல்லுது. அடுக்ககங்களுக்கு 1994 சட்டம் போய் 2022 சட்டம் வந்திருக்கு. அபார்ட்மென்டுக்கு பைலா முக்கியம், வீட்டுக்காரர் அதுக்குக் கட்டுப்படணும். ஆனா சங்கமாப் பதிவு பண்ணியிருந்தா, பைலாவை மாத்துறதுக்கு முறையான கூட்டம், தீர்மானம், பதிவாளர்கிட்ட பதிவு எல்லாம் வேணும். வாட்ஸ்அப் குரூப்ல போட்டது பைலா ஆகாது.

அதுக்காக எல்லா விதியும் கோர்ட்ல செல்லாதுன்னு நினைச்சுக்காதீங்க. அகமதாபாத்ல பார்சிகள் மட்டும்தான் உறுப்பினராகலாம்னு ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பைலா வச்சிருந்துச்சு. 2005-ல உச்ச நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு. படிச்சதும் எனக்குப் பாதி கோபம் வடிஞ்சு, கவலை வந்துடுச்சு.

2020 மார்ச்சும் ஞாபகம் வந்துச்சு. கைதட்டின அதே வாரத்துல டாக்டர், நர்ஸ்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க. ஏப்ரல் 22-ல மத்திய அரசு அவசரச் சட்டமே போட வேண்டி வந்துச்சு: மருத்துவப் பணியாளர் குடியிருக்கிற இடத்துல தொல்லை கொடுக்கிறதையும் வன்முறைன்னு சேர்த்து, 3 மாசத்துலேருந்து 5 வருஷம் வரை ஜெயில். அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டும்தான். மத்த நாள்ல "நாலு பேரு என்ன நினைப்பாங்க"தான் சட்டம்.

பைலா நகல் வாங்கிப் பார்த்தேன். வாடகைக்கு விட்டா செயலாளருக்குத் தெரிவிக்கணும்னு மட்டும்தான் இருந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு அவருக்கு போன் போட்டேன். அவர் அமைதியா, "குரூப்ல மேல போய்ப் பாருங்கம்மா"ன்னார்.

பார்த்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி, மேல் மாடியில காலேஜ் பசங்க சத்தம் போட்டாங்கன்னு யாரோ போட்ட மெசேஜ்: 'இனி ஃபேமிலிக்கு மட்டும். சம்மதம்னா கட்டை விரல் போடுங்க.' வரிசையா விரல்கள். ஏழாவது விரல் என்னோடது. டெங்கு சீசன், நைட் டூட்டியில இருந்திருப்பேன். முழுசாப் படிச்சேனா? ஞாபகமில்லை. படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன்னுதான் தோணுது. அப்போ நான் 'ஃபேமிலி'.

கூட்டம் கேட்டேன். 24 வீட்டுல 9 பேர் வந்தாங்க, ஆள் போதலைன்னு ஒத்தி வச்சுட்டாங்க. அதுக்குள்ள அந்த மூணு பேரும் வல்லம் பக்கம் ஒரு மாடி போர்ஷன் பார்த்துட்டாங்க. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தப்ப ஒரு பொண்ணு, "விடுங்க மேடம், எங்களுக்கு இது மூணாவது வீடு"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

வீடு பூட்டிக் கிடக்குது. மெயின்டனன்ஸ் மாசா மாசம் கட்டுறேன். மறு கூட்டம் வர்ற ஞாயித்துக்கிழமை. டூட்டி மாத்திக்கிட்டேன். பைலாவோட அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன், என் விரலோட சேர்த்து.