கோப்பாய் வெளியும் ஐந்து சில்லுகளும்

யாழ்ப்பாண நகரினின்றும் பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, கல்வியங்காட்டையும் இருபாலையையும் கடந்து சென்றால், ஆறேழு கிலோமீற்றர் தொலைவில் எங்கள் கோப்பாய்ச் சந்தி வரும். மேற்கே செம்மண் தோட்டங்கள், கிழக்கே நெல்வயல்கள், வயல்களுக்கும் அப்பால் உவர்வெளியும் கடல்நீரேரியும். 1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கீசர் நல்லூர்மேற் படையெடுத்து வந்தபோது, அரசன் சங்கிலி பின்வாங்கி வந்தது இவ்வூருக்கே என வரலாற்றாசிரியர் எழுதுவர். ‘திராவிடப் பிரகாசிகை’ தந்த சபாபதி நாவலர் பிறந்த வடகோவையும் இவ்வூரின் ஒரு பகுதியே.

இத்தகைய பழம்பெரும் ஊரைப்பற்றி எழுதப் புகுந்தவன், மோட்டார்க் காரின் ரயரைப்பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஓர் ஊரை நாம் அறிவது அதன் வரலாற்றால் மாத்திரமன்று. அதன் வீதிகளில் நாம் எவ்வாறு போய் வந்தோம் என்பதாலுமேயாம்.

எங்கள் வீட்டிலே, ஜப்பானில் சில ஆண்டு ஓடியபின் கப்பலேறி வந்த சிறிய கார் ஒன்று உண்டு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. காது சற்று மந்தம். வெள்ளிக்கிழமைகளில் அவரை ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குச் செல்வது எங்கள் வழக்கம். நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் காணும்போது ஒரு கதை, சிறுப்பிட்டியில் ஒரு கதை, புத்தூர்ச் சந்தியில் ஒரு கல்யாணக் கதை என்று அம்மா சொல்லிக்கொண்டே வருவார். இரண்டு ஆண்டுகளாக அக்கதைகள் சிறிது சிறிதாகக் குறைந்து, பின்னர் முற்றாக நின்றுபோயின. முதுமையின் மௌனம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் அவரே சொன்னார்:

“தம்பி, உந்த இரைச்சலுக்குள்ளை நீங்கள் கதைக்கிறது எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. கேளாதவள் என்னத்தைக் கதைக்கிறது?”

அப்போதுதான் நானும் செவிசாய்த்துக் கேட்டேன். காரின் அடியிலிருந்து, ஆலைச் சங்கு தூரத்தில் ஊதுவது போன்ற ஓர் ஓயாத முழக்கம்! நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்ந்த ஓசையாதலின் என் காது அதற்குப் பழகிவிட்டது; அம்மாவின் காதோ தோற்றுப்போய் ஒதுங்கிவிட்டது.

ரயர்களை மாற்றுவதென்று அன்றே தீர்மானித்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு குடும்பத்துடன் கொழும்புக்குச் செல்லும் வழியில், கிளிநொச்சியைத் தாண்டியதும் பின்பக்கத்து ரயர் ஒன்று பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. இறைவன் அருளாலும், எதிரே லொறி எதுவும் வாராமையாலும் பிழைத்தோம். அந்த ரயர் புதியதென்று சொல்லி விற்கப்பட்டது. அதன் பள்ளக் கோடுகளும் ஆழமாகவே இருந்தன. வழியிலே உதவிக்கு வந்த பொறிவல்லுநர் அதன் பக்கச் சுவரைத் துடைத்து, ஒரு சிறு வட்டத்துள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். 1513. “மாஸ்ரர், மேல்வடிவைப் பாத்து வாங்கியிருக்கிறியள். பிறந்த திகதியைப் பாக்கேல்லை” என்றார். 2013ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரத்திலே செய்யப்பட்ட ரயர் அது! மாணவர்களுக்கு எழுத்தறிவிக்கும் நான், என் பிள்ளைகளின் உயிரைத் தாங்கும் பொருளின்மேல் எழுதியிருந்ததை வாசித்தறியாதவனாய் வீதியோரத்தில் நின்றேன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலாலும் காற்றாலும் இறப்பர் மூப்படையும். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த ரயரை ஆண்டுதோறும் சோதிப்பித்தல் வேண்டும்; பத்தாண்டு கடந்ததை, பார்வைக்கு எவ்வளவு நன்றாயினும், கழற்றிவிடுதல் வேண்டும் என்பதே அறிந்தோர் கூற்று.

எனவே இம்முறை வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் காரின் ரயரில் 175/65 R14 82T என்று பொறித்திருந்தது. மகள் காகிதமும் பேனாவுமாய் வந்தமர, இருவரும் அதற்குப் பதவுரை எழுதினோம். 175 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. R என்பது உள்ளே இழைகள் ஆரைபோல் அமைந்த ரயர் என்பதைக் குறிக்கும். இம்முறைக்குப் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் 1946இல் உரிமை பெற்றது. 14 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். 82 என்பது ஒரு ரயர் 475 கிலோ பாரம் தாங்கும் என்பதற்கான குறி. T என்பது மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்திற்கு ஏற்றது என்பது. நீர்வேலிச் சந்தையடியில் அவ்வேகம் எவருக்கும் வேண்டுவதில்லை!

இனி, ஓசை எங்கிருந்து பிறக்கின்றது? மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டியதும், நல்ல நிலையிலுள்ள காரிலே இயந்திரத்தின் ஓசையிலும் சில்லின் ஓசையே மேலோங்கும். ரயரின் மேற்பரப்பிலுள்ள இறப்பர்க் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீதியில் அறைகின்றன. பள்ளங்களுள் அகப்பட்ட காற்று நசுங்கி வெளியே பீறிடுகின்றது. கட்டிகள் யாவும் ஒரே அளவினவாயின் அவ்வறைகள் கூடி ஒரே சுருதியில் முழங்கும். ஆதலின் நல்ல ரயர் செய்வோர் கட்டிகளைச் சிறிதும் பெரிதுமாய் மாறிமாறி அமைத்து, ஓசையைப் பல சுருதிகளில் சிதறச் செய்வர். பெரிய கட்டிகளும் அகன்ற குறுக்குப் பள்ளங்களும் உள்ளவை சேற்றுக்கும் மணலுக்கும் ஆகும், அமைதிக்கு ஆகா. நேர்கோடாய் ஓடும் மூன்று நான்கு பள்ளங்களும் நெருங்கிய சிறு கட்டிகளும் உள்ளவையே தார் வீதிக்கு உகந்தவை.

நீண்டகாலம் உழைக்கும் ரயர் வேண்டுமென்பது என் எண்ணம். ஓசையற்றது வேண்டுமென்பது அம்மாவின் விருப்பம். விலை வரம்புக்குள் நிற்கவேண்டுமென்பது இல்லாளின் கட்டளை. இம்மூன்றும் எளிதில் ஒன்றுசேர்வனவல்ல. இறப்பர் கடினமாயின் தேய்வு குறையும். ஆயினும் ஓசை கூடலாம், மழையில் பிடிப்புக் குறையலாம். மென்மையாயின் அமைதியும் பிடிப்பும் உண்டு, விரைவில் தேயும். பல ரயர்களில் ‘றெட்வெயர்’ என்னும் சொல்லின் அருகே ஓர் எண் இருக்கும். 100 என்பது அடிப்படை அளவு. 400 என்றால் சோதனையிலே அதனைப்போல் நான்கு மடங்கு உழைத்தது என்பது பொருள். அவ்வெண்ணை இடுபவர் ரயர் செய்வோரேயாதலின், ஒரே நிறுவனத்தின் இரு வகைகளை ஒப்பிட அது நன்கு உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிடுகையில் சற்று எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் ரயர்களில் ஓசையின் அளவும் ஒட்டப்பட்டிருக்கும்; அதுவோ வீதியோரத்தில் நிற்பவர் கேட்கும் ஓசையேயன்றி, உள்ளே இருக்கும் அம்மாமார் கேட்பது அன்று.

யாழ் நகரிலே நண்பரொருவர் சொல்லிய கடைக்குச் சென்றேன். முதலாளி வயது முதிர்ந்தவர். நான் ரயர் கேட்டதும் அவர் விலை சொல்லவில்லை; காரை உயர்த்தச் சொல்லி, ஒவ்வொரு சில்லையும் கையாற் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டார். பின்பு தேய்ந்த ரயரின்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பு. மறுபக்கம் தடவினால் வாளின் பல்!

“மாஸ்ரர், பிழை முழுக்க ரயரிலை இல்லை. சில்லு நேரா நிக்கேல்லை. உதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலைப்பட்ட ரயர் போட்டாலும் ஆறு மாதத்திலை திரும்பவும் முழங்கும்.”

“அப்ப முதலிலை அதைச் செய்யுங்கோ, அண்ணை.”

“முன்சில்லு ஒண்டிலை பெயரிங்கும் இரையுது. அதையும் மாத்திப்போட்டு ரயரைப் பாப்பம்.”

விற்கவேண்டியவரே விற்பனையைத் தள்ளிவைத்த அந்நேர்மையைக் கண்டபின், அவர் சொற்படியே நடந்தேன். அவர் மூன்று வகைகளைக் காட்டினார். முதலாவது மிகமிக அமைதியானது. விலையோ என் கைக்கு எட்டாதது. இரண்டாவது மலிவானது, பாரம் ஏற்றும் வாகனங்களுக்கான கடினமான வகை. மூன்றாவது நடுத்தர விலை. நான்கு நேர்ப்பள்ளங்கள், சிறு கட்டிகள், தேய்வெண் 400, செய்து நான்கு மாதம். இரண்டை மாத்திரம் இப்போது வாங்கலாமோ என்று என் உலோபம் கேட்டது. “இரண்டெண்டால் அதைப் பின்னுக்குத்தான் போடவேணும். மழையிலை பின்சில்லு வழுக்கினால் காரைப் பிடிக்கேலாது. உங்கட நாலும் முடிஞ்சுது” என்றார். நான்கையும் வாங்கினேன்.

இறப்பர் எங்கள் நாட்டுக்குப் புதியதன்று. பிறேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூப் பூங்காவில் முளைக்க, அக்கன்றுகள் 1876இலேயே கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிற் கொண்டுவந்து நடப்பட்டன. அத்தகைய நாட்டிலேதான், தொண்ணூறுகளில் எங்கள் குடாநாடு ஒரு ரயருக்காக ஏங்கிக் கிடந்தது. பெற்றோல் இல்லை, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம் அது. எங்கள் ஐயாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. ரயர் கிழிந்தால் பழைய ரயரின் துண்டொன்றை உள்ளே வைத்து, அதன்மேல் ரியூப்பைப் பொருத்தி ஓட்டுவார்.

புதிய சில்லுகளைச் சோதிக்க, அன்று மாலையே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கைதடி வீதியில் இறங்கினேன். கோப்பாய்ச் சந்தியிலிருந்து கிழக்கே, வயலையும் வெளியையும் ஊடறுத்துப் பாலத்தைக் கடந்து செல்லும் வீதி அது. காற்றின் ஓசை கேட்டது. நீரேரியில் நின்ற கொக்கொன்றைக் காட்டி மகள் மெல்லச் சொன்னதும் கேட்டது. பாலத்தை அணுகியபோது அம்மா வாய் திறந்தார்.

“உந்த இடத்திலைதான் ஐயா சில்லைக் கழட்டிப் போட்டவர்.”

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாங்களும் இவ்வீதியாலேயே சென்றோம். எனக்கு அப்போது பதினான்கு வயது. மாமாவுடன் சைக்கிளில் முன்னே சென்றுவிட்டேன். ஐயா, அப்பாச்சியையும் அம்மாவையும் மூட்டைகளையும் ஏற்றிய காரை, மழையில், சனத்தினிடையே அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு வந்தார். மீசாலையை அடைந்த மறுநாள் ஒரு ரயர் முற்றாகப் பிளந்தது. மாற்றுவதற்கு மேலதிகச் சில்லு இல்லை. அப்பாச்சிக்கு நோய் கண்டபோது, அவரைச் சைக்கிளில் வைத்து உருட்டிச் சாவகச்சேரி ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றோம். “ஒரு சில்லைக்கூட எடுத்து வரத் தெரியாதவர்” என்று ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. 1996 சித்திரையில் ஊர் திரும்பிய பின்னும், அவர் மறையும்வரையும், அதுபற்றி ஒரு சொல் கூறினாரில்லை.

அம்மா இப்போது சொன்னார். எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்ற மூதாட்டி ஒருவர், அன்றிரவு பாலத்தடியில் நடக்கமாட்டாமல் அமர்ந்துவிட்டாராம். காரில் இடமில்லை. ஐயா பின்பெட்டியின் அடியிலிருந்த சில்லை எடுத்து வெளியிலே உருட்டிவிட்டு, இருக்கையிலிருந்த மூட்டைகளை அங்கே திணித்து, அவரை அப்பாச்சியின் அருகில் இருத்தினாராம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை, அம்மா?”

“அந்த மனிசி காதிலை விழுந்தால், தன்னாலைதானே எண்டு துடிச்சுப்போகும், சொல்லவேண்டாம் எண்டவர். பேந்து நானும் மறந்துபோனன்.”

அம்மூதாட்டி அதன்பின் ஏழாண்டு வாழ்ந்தார். இடியப்பம் வாங்கச் சென்றால் எனக்கு மாத்திரம் எப்போதும் இரண்டு கூடவே வைத்துத் தருவார். காரணம் அறியாமலே உண்டேன்.

வாசகர்களே, ரயர் வாங்கச் செல்வோர் பிறந்த திகதியைப் பாருங்கள். சில்லின் நேரைச் சரிசெய்வியுங்கள். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். பள்ளங்களின் அடியிலுள்ள சிறு மேடுகள் மேற்பரப்போடு சமமாகுமுன் புதியன வாங்குங்கள். காற்று குறைந்தால் ஓரங்கள் தேயும், கூடினால் நடு தேயும். ஆதலின் சில்லு குளிர்ந்திருக்கும் காலை வேளையில், ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே குறித்துள்ள அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள்.

நானும் மாதந்தோறும் முதற் சனிக்கிழமை காலையில் அவ்வாறே செய்கிறேன். நான்கு சில்லுகளையும் பார்த்தபின் பின்பெட்டியைத் திறந்து, மூட்டைகளை விலக்கி, ஐந்தாவதற்கும் காற்றுப் பார்க்கிறேன்.