தொட்டியில் இருக்கிறது, எஞ்சினுக்கு வரவில்லை

லடாக்கின் லே நகரில் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்திறங்கி, காலையிலேயே கிளம்பிவிடுகின்றன. பிற்பகலில் பள்ளத்தாக்கில் எழும் காற்று அதற்கு ஒரு காரணம். ஆகவே அவ்வூர் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்குப் பிழைப்புக்குரிய வேளையும் நாளின் கடுங்குளிர் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஜனவரி விடியலில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரைகூட இறங்கும்.

சமவெளியில் கார் கிளம்பாவிட்டால் முதலில் பழியேற்பது பேட்டரி. லேயிலும் பேட்டரி சோர்ந்துபோவதுண்டு. ஆனால் அங்குள்ள அனுபவசாலிகள் சாவியைத் திருப்பும்போதே செவிமடுக்கிறார்கள். ஸ்டார்ட்டர் முனகியபடி மெதுவாகச் சுழன்றால் பேட்டரியையோ குளிரில் தடித்துப்போன எஞ்சின் ஆயிலையோ ஐயுறலாம். விரைவாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், ஒருவர் பின்புறம் சென்று புகைக்குழாயைப் பார்ப்பார். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். குளோ பிளக்கைச் சோதிக்க வேண்டும். புகையே இல்லையெனில் டீசல் வந்து சேரவில்லை. கருவி எதுவுமின்றி, காதும் கண்ணும் கொண்டு ஓரிரு நிமிடத்தில் செய்யும் இந்தப் பகுப்பு எந்த ஆய்வுக்கூட முறைமைக்கும் குறைந்ததன்று.

வந்து சேராமைக்குக் காரணம் டீசலின் இயல்பிலேயே உள்ளது. அதில் பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் மிகும்போது அம்மெழுகு நுண்படிகங்களாகப் பிரிகிறது. டீசல் முதலில் கலங்குகிறது, பிறகு கூழாகத் தடிக்கிறது. முழுதும் உறைவதற்கு வெகுமுன்னரே கார் நின்றுவிடும். படிகங்கள் வடிகட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடுவதே அதற்குப் போதும். தொட்டியில் முக்கால் பங்கு டீசல் இருக்கும், டாஷ்போர்டு முள்ளும் அதையே காட்டும், எஞ்சின் மட்டும் பட்டினி கிடக்கும். இந்தியத் தர அளவையின்படி சாதாரண டீசல் குளிர்காலத்தில் 6 டிகிரி வரையிலும், கோடையில் 18 டிகிரி வரையிலும் வடிகட்டியைக் கடந்து சென்றால் போதுமானது. சமவெளிக்கென வகுக்கப்பட்ட கணக்கு அது. மலை அதற்குக் கட்டுப்படாது.

இதில் ஆளை மிகவும் ஏமாற்றுவது, கார் கிளம்பிவிட்டுச் சற்று நேரத்தில் நின்றுபோவதுதான். வடிகட்டிக்கு அப்பால் குழாயில் எஞ்சியிருந்த டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும். சரியாகிவிட்டது என்று நம்பி ஏற்றத்தில் ஏறியவர் பாதிவழியில் நிற்பார்.

தந்தையும் மகனும் ஓட்டுநர்களாக உள்ள ஒரு குடும்பத்தில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. தந்தை பழைய ஜீப்பில் கைப்பழகியவர். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, தொட்டிக்கடியில் தணல் தட்டை வைத்துச் சூடேற்றுவது என இரண்டையும் பல குளிர்காலங்கள் செய்து வந்தவர். இரண்டாவது வழக்கம் தீவிபத்தை வலிய அழைப்பது. அது கைவிடப்பட்டதில் வருந்த ஒன்றுமில்லை. முதலாவது, ஜீப்பின் எளிய பம்புக்கு ஒருவாறு பொருந்தியது. மகனுடையதோ காமன் ரெயில் எஞ்சின் கொண்ட புதிய வண்டி. அதன் உயரழுத்தப் பம்புக்கு உராய்வைத் தணிக்கும் மசகு வேறெதுவுமன்று, அதன் வழியே ஓடும் டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு குறைவு. பம்பு தேய்ந்தால் உலோகத்துகள்கள் இன்ஜெக்டர்கள்வரை செல்லும்; ஒரு விடியலைக் காப்பாற்றப்போய் எரிபொருள் அமைப்பையே மாற்ற நேரலாம்.

ஒரு நாள், டெல்லியில் அறுவைச் சிகிச்சைக்குச் செல்லவேண்டிய மூதாட்டி ஒருவரை விமான நிலையம் சேர்க்கும் பொறுப்பு மகனுடையது. அப்பருவத்தில் சாலைவழிப் பயணத்தை நம்புவதற்கில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றது, புகை இல்லை. வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பின் குமிழை அழுத்தினார். அமுங்கிய குமிழ் மேலெழவில்லை. தொட்டிப் பக்கமிருந்து டீசல் வரவில்லை என்பது உறுதியாயிற்று. அதற்குள் தந்தை மண்ணெண்ணெய்க் கேனுடன் வந்துவிட்டார்.

"அபா-லே, வேண்டாம். இது உங்கள் ஜீப் இல்லை."

"விமானம் நமக்காக நிற்குமா?"

மகன் பதில் சொல்லவில்லை. வாகனக் கடன் தவணை எத்தனை பாக்கி என்பது இருவருக்கும் தெரியும். தந்தை கேனைச் சுவரோரம் வைத்துவிட்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கிருந்தது பெட்ரோலில் ஓடும் சிறிய ஆல்ட்டோ. பெட்ரோலில் இந்த மெழுகுத் தொல்லை இல்லை. மூதாட்டி நேரத்துக்கு விமானம் ஏறினார். அதன் பின்னரே வெந்நீரில் நனைத்த துணியை வடிகட்டியைச் சுற்றிக் கட்டுவதும், ஆறியதும் மாற்றுவதுமாகத் தந்தை பொறுமையுடன் அமர்ந்திருந்தார். அன்றைய சவாரிப்பணம் அண்டை வீட்டாருக்குப் போனது.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், சுழியத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் ஓட்டத்தை இழக்காத குளிர்கால டீசலை லடாக்கில் அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது அது. பெரிய விடுதலைதான். எனினும் அதை நிரப்பிய சிலரும் மறுநாள் காலை நிற்கிறார்கள். தொட்டியில் பாதிக்குப் பழைய டீசலை வைத்துக்கொண்டு மேலே புதியதை ஊற்றினால் பயன் பாதியாகிறது. தொட்டியை ஏறக்குறைய வற்றவிட்டு நிரப்பியவர்களும் வீட்டு வாசலில் உடனே எஞ்சினை அணைத்துவிட்டால், வடிகட்டியிலும் குழாயிலும் நிற்பது பழைய டீசல்தான். நிரப்பிய கையோடு சில கிலோமீட்டர் ஓட்டி, புதியதை எஞ்சின்வரை இழுத்து வந்த பிறகே வண்டியை நிறுத்த வேண்டும். அதுவும் குளிர் இறுகுமுன், அக்டோபர் முடிவிலேயே.