ஆராதனைக்குப் பின் ஒரு பச்சைக் கிண்ணம்

அமெரிக்க தேசத்தின் மிசௌரி மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு பட்டணத்துக்கு உங்களில் சிலர் என்றாவது போகக்கூடும். மகனையோ மகளையோ காணப் போகலாம்; இறையியல் படிப்பின் நிமித்தமும் போகலாம். போனால், பூன்வில் வீதியிலுள்ள அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைமையகத்தை உங்களுக்குக் காண்பிப்பார்கள். 1914-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவான அந்த ஐக்கியம் 1918 முதல் இப்பட்டணத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. 66-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 1926-இல் அந்த எண் முன்மொழியப்பட்ட ஊர் இதுவே என்பதையும், டேவிட் லியாங் என்ற சீனச் சமையற்காரர் 1963-இல் தாம் திறந்த உணவகத்தின் மூலம் முந்திரிக் கோழியை இவ்வூரின் அடையாளமாக்கினார் என்பதையும் சொல்லாமல் விடமாட்டார்கள். எல்லாவற்றையும் பாருங்கள், ருசியுங்கள். ஆனால் அத்தேசத்துச் சபையின் உள்வீட்டைக் காண விரும்பினால், ஒரு ஞாயிறன்று ஏதாவது ஒரு சிறிய சபைக்குப் போய், ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு விரையாமல், ஜனங்கள் போகிற வழியே உணவு மண்டபத்துக்குப் போங்கள்.

பல சபைகளில் அது கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும். மடக்கு மேசைகள், மடக்கு நாற்காலிகள், பெரிய காப்பிக் கலம் ஒன்று. வேறு அலங்காரம் இராது. ஒரு பக்கத்துச் சுவரையொட்டி நீண்ட மேசை. அதன்மேல் முப்பது நாற்பது பாத்திரங்கள் மூடியோடு வந்து அமர்ந்திருக்கும். இதைத்தான் பாட்லக் என்கிறார்கள். முற்காலத்தில் அச்சொல், எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்குப் பானையில் இருப்பது கிடைக்கும் என்ற பொருளில் வழங்கியது. இப்பொழுது ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் விருந்துக்குப் பெயராயிருக்கிறது. நாம் அன்பின் விருந்து என்று சொல்லுகிறோமே, அதன் சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேசையில், சாலட் வகைகள் இருக்கும் இடத்தில், பச்சையும் வெள்ளையுமாக ஒரு கிண்ணத்தைத் தேடுங்கள். அனேகமாய்த் தவறாமல் இருக்கும். அது பிராக்கோலி சாலட். (சாலட் என்ற சொல்லுக்கு அங்கே எல்லை மிகவும் தளர்ந்தது என்பதை முன்னமே சொல்லிவிடுகிறேன். பழ ஜெல்லியில் மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு மிட்டாய்த் துண்டுகளைக் கலந்து வைத்திருப்பார்கள்; அதுவும் சாலட்தான்.)

செய்முறை எளியது. இரண்டு பெரிய பிராக்கோலிப் பூக்களைக் கழுவி, ஈரம் முற்றிலும் போகத் துடைத்து, ஒரே வாயில் உண்ணத்தக்க சிறு கொத்துகளாக நறுக்குகிறார்கள். ஈரம் தங்கினால் கலவை நீர்த்துக் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும். அதனோடு பொடியாக அரிந்த சிவப்பு வெங்காயம் அரை, உலர்திராட்சை அரைக் கோப்பை, வறுத்த சூரியகாந்தி விதை அரைக் கோப்பை. மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிய பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி, ஏழெட்டுத் துண்டு. சிலர் துருவிய செடார் சீஸும் சேர்ப்பார்கள். வேறொரு பாத்திரத்தில் மயோனைஸ் ஒரு கோப்பை, சர்க்கரை கால் கோப்பை, வினிகர் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, சர்க்கரை கரையுமட்டும் அடித்து மேலே ஊற்றிக் கிளறிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பேக்கனும் விதையும் பரிமாறும் வேளையில்தான் சேர வேண்டும், இல்லாவிட்டால் நமத்துப்போகும். பிராக்கோலி வேகவைக்கப்படுவதில்லை. பச்சைக் காய்கறியும் இனிப்பும் ஒன்றாய் வாயில் படும்போது நம்முடைய நாவு முதலில் திகைக்கும். இரண்டாம் கரண்டியில் சமாதானமாகும்.

இந்தப் பதார்த்தம் ருசிக்காக மட்டும் உண்டானதல்ல, பிரயாணத்துக்காக உண்டானது என்று நான் கருதுகிறேன். கீரை இலைகள் கலவை பட்டவுடன் வாடும். பிராக்கோலியோ நேரம் செல்லச் செல்ல ஊறிப் பதமாகும். சனிக்கிழமை இரவே செய்துவிடலாம். பண்ணை வீட்டிலிருந்து முப்பது மைல் காரில் குலுங்கி வந்தாலும் உருக்குலையாது. சபையின் குளிர்பெட்டியில் இருந்தால், பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் பொறுத்திருக்கும். தூரந்தூரமாய் வாழ்ந்து வாரத்தில் ஒருநாள் கூடிவருகிற ஜனங்களுக்கு இதைவிட ஏற்ற உணவு வேறென்ன?

காயே பிரயாணப்பட்டு வந்ததுதான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் பிறந்த அதே குலத்தைச் சேர்ந்த பிராக்கோலி, இத்தாலியரின் தோட்டப் பயிர். சிசிலித் தீவின் மெசினாவிலிருந்து குடியேறிய தாரிகோ சகோதரர்கள் 1920-களில் கலிபோர்னியாவில் அதைப் பயிரிட்டு, பனிக்கட்டியிட்டு ரயிலில் பாஸ்டன் வரைக்கும் அனுப்பினார்கள். குடிபெயர்ந்தோர் தங்கள் ஊர்க் காய்க்கு ஏங்கியதால் ஒரு தேசத்தின் சந்தை மாறிற்று! இன்றும் அந்நாட்டின் பிராக்கோலியில் பெரும்பகுதி கலிபோர்னியாவில்தான் விளைகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு மேசைக்கு அது 2,500 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வருகிறது. 1990-இல் அதிபர் ஜார்ஜ் புஷ், தகப்பனார் புஷ்ஷைச் சொல்லுகிறேன், சிறுவயதில் தாயார் வற்புறுத்தி உண்ணச் செய்த அந்தக் காயை இனித் தொடமாட்டேன் என்று வெளிப்படையாய்ச் சொன்னபோது, விவசாயிகள் லாரிகளில் டன் கணக்காக அதை வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அதில் பெரும்பகுதி ஏழைகளுக்கு உணவளிக்கும் நிறுவனங்களுக்குப் போயிற்று. அந்தக் காலத்தில்தான், 1980-களிலும் 1990-களிலும், இந்தச் சாலட் சபை விருந்துகளில் எங்கும் பரவியிருந்தது. சர்க்கரையும் பேக்கனும் சேர்ந்தால் பிராக்கோலியை வெறுக்கிறவனும் உண்பான் என்பதைத் தாய்மார்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

அது எப்படிப் பரவிற்று என்றால், கையெழுத்துச் சீட்டுகளாலும் சபைச் சமையல் புத்தகங்களாலும். சபையின் பெண்கள் தங்கள் செய்முறைகளைத் திரட்டி, கம்பிச் சுருள் கட்டமைப்பில் அச்சிட்டு, கட்டட நிதிக்காகவோ மிஷனெரிப் பணிக்காகவோ விற்பது அங்கே பழைய வழக்கம். உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு உதவ 1864-இல் பிலடெல்பியாவில் வெளியான மரியா மாஸ் அம்மையாரின் புத்தகத்தை இவ்வகையில் முதலாவதாகச் சொல்லுகிறார்கள். ஒவ்வொரு செய்முறையின் கீழும் கொடுத்தவருடைய பெயர் இருக்கும். ஒரே புத்தகத்தில் மூன்று பேர் மூன்று பிராக்கோலி சாலட் கொடுத்திருப்பதும் உண்டு. ஒருவர் கால் கோப்பை சர்க்கரை, மற்றவர் அரைக் கோப்பை. மயோனைஸா, 1933-இல் கிராஃப்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மிராக்கிள் விப்பா என்பதிலோ குடும்பங்களுக்குள்ளே உபதேச வேற்றுமை உண்டு.

அங்குள்ளவர்கள் இந்தக் கிண்ணத்தைக் கண்டு ஏன் கண்கலங்குகிறார்கள் என்பது உங்களுக்கு அப்பொழுது விளங்கும். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய நாடாவில் ஒரு பெயர் எழுதியிருக்கும். பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின்பும், பேத்தி அதே பாத்திரத்தில், அதே சீட்டைப் பார்த்துச் செய்து கொண்டுவருகிறாள். நாடாவை உரிக்க அவளுக்கு மனம் வருவதில்லை.

ஆனால் மேசை குறுகிக்கொண்டு வருகிறது. கேலப் நிறுவனத்தின் கணக்கின்படி 1999-இல் அமெரிக்கரில் 70 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வழிபாட்டுச் சபையில் அங்கத்தினராயிருந்தார்கள்; 2020-இல் அது 47 விழுக்காடாகிவிட்டது. இளந்தம்பதியர் இருவரும் வேலைக்குப் போகிற காலமாகையால் கடையில் விற்கும் டப்பா சாலட் அப்படியே மேசைக்கு வருகிறது. நான் அதைக் குறைகூறேன். வெறுங்கையாய் வர வெட்கப்பட்டு வீட்டிலிருந்துவிடுவதைப் பார்க்கிலும் டப்பாவோடு வருவது நலம். எனக்குக் கவலையெல்லாம் விருந்தை ஒப்பந்தக்காரரிடம் முழுவதும் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பற்றியதே. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நம்முடைய சபைகளில் அண்டா பிரியாணி இறங்குகிறது. வரிசையில் நிற்கிறோம், உண்ணுகிறோம், கலைகிறோம். நாகர்கோவில் சகோதரியின் கைப்பக்குவத்தை தர்மபுரிச் சகோதரி அறியாமலே பத்து வருஷம் ஒரே சபையில் இருந்துவிடுகிறார்கள். காணிக்கைப் பெட்டியில் அதிகம் போட இயலாத விதவைத் தாயாருக்கு, கொடுக்கத்தக்கதாயிருந்த ஒரு கிண்ணமும் இல்லாமற்போகிறது. கொரிந்து சபையில் ஏழைகள் வந்துசேருமுன்னே வசதியுள்ளோர் உண்டு முடித்ததைப் பவுல் கண்டித்தார். ஏழைகள் உண்ண மட்டும் வரவேண்டும், ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை என்ற நிலையும் எனக்கு இலேசான காரியமாய்த் தோன்றவில்லை.

உங்கள் பட்டணத்தில் இதைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு: பிராக்கோலி இப்பொழுது நம் நாட்டிலும் விளைகிறது, நீலகிரியிலும் பயிரிடுகிறார்கள். உப்பு நீரில் அரைமணி நேரம் தலைகீழாய் அமிழ்த்தி வையுங்கள். புழு இருந்தால் வெளிவரும். பச்சையாய் உண்ண அஞ்சினால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆற்றி, நன்றாய் உலர்த்துங்கள். பேக்கன் வேண்டாதவர்கள் வறுத்த வேர்க்கடலை சேர்க்கலாம். முட்டை சேராத மயோனைஸும் கடைகளில் கிடைக்கிறது. அது பெரும்பாலும் இனிப்பாயிருப்பதால் சர்க்கரையைப் பாதியாய்க் குறையுங்கள். குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதை வைக்கலாகாது. வெயில் 32 டிகிரியைக் கடந்தால் ஒரே மணி நேரம். ஆகையால் மே மாதத்து உபவாசக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், கடைசி ஆமென் சொல்லி முடியுமட்டும் கிண்ணத்தைப் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம்.