பில்லோடு புகார் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்



எங்கள் வீட்டு பிரிட்ஜ் விவகாரம் என்ன ஆயிற்று என்று பத்துப் பேராவது போனில் கேட்டுவிட்டீர்கள். இங்கே எழுதிவிட்டால் நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

2024 ஜூன் 2-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கடையில் வாங்கியது. கதவில் "10 வருட வாரண்டி" என்று பெரிய ஸ்டிக்கர். அந்தப் பத்து வருடம் கம்ப்ரசருக்கு மட்டும்தான். மற்ற பாகங்களுக்கு ஒரே வருடம். பெரும்பாலான கம்பெனிகளில் இப்படித்தான். வாரண்டி அட்டையில் உள்ள பொடி எழுத்தையும் படித்துவிடுங்கள்.

மறு வருடம் மே 14, அக்னி நட்சத்திரம். காலையில் எழுந்து பார்த்தால் மாவு பொங்கி வழிந்திருக்கிறது, பால் திரிந்திருக்கிறது. அது போகட்டும். என் துணைவியார் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். பிரிக்காத மருந்தை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் கொடுத்து வைத்தோம். போட்டுக்கொண்டிருந்த மருந்தை ஒரு டப்பாவில் மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தோம். அடுத்த வீட்டில் போய்த் திரும்பத் திரும்ப நிற்க அவருக்குக் கூச்சம். அந்த ஒன்றரை மாதமும் அவர் முகம் சரியாகவே இல்லை.

அன்றே கம்பெனி எண்ணில் புகார் பதிவு செய்தேன். எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் எண் வந்தது. 19-ஆம் தேதி ஒரு மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார். நான்கு நாள்தான் குளிர்ந்தது. மறுபடியும் புகார் செய்தேன். 27-ஆம் தேதி வேறொரு தம்பி வந்து பார்த்துவிட்டு, உள்ளே காயிலில் கசிவு, பார்ட் ஆர்டர் போட வேண்டும் என்றார். அதற்கப்புறம் ஆளைக் காணோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, 15-இல் கல்லணையும் திறந்து, ஆற்றில் தண்ணீரே வந்துவிட்டது. பார்ட் மட்டும் வரவில்லை.

16-ஆம் தேதி சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "சார், உங்க வாரண்டி 1-ஆம் தேதியோட முடிஞ்சிடுச்சு. காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆகும்."

"நான் புகார் கொடுத்தது மே 14 ஆச்சே, தம்பி?"

"சிஸ்டம் இன்னைக்குத் தேதியைத்தான் சார் எடுத்துக்கும்."

"விடுங்கப்பா, நான் பணம் போட்டுவிடறேன்" என்றான் மகன். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தைக் கட்டினால், மே மாதம் நாம் புகார் கொடுத்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இதில் இன்னொன்று உண்டு. 27-ஆம் தேதி வந்த தம்பி, "முதல் தடவையே காயிலை மாத்தியிருக்கணும் சார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லியிருந்தால் என் பக்கம் இன்னும் பலமாகியிருக்கும். ஆனால் அவர் வேலை போய் என் வீட்டு பிரிட்ஜ் குளிர்ந்து என்ன பயன்? அது தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டின் நகலைக் கேட்டு வாங்கியிருந்தேன். "காயில் கசிவு, பார்ட் தேவை" என்று 27-ஆம் தேதி போட்டு அதில் எழுதியிருந்தது. வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது, காகிதத்துக்கு உண்டு.

வக்கீலாக இருக்கும் என் பழைய மாணவியிடம் கேட்டேன். "உடனே கேஸ் வேண்டாம் சார், முதலில் கடிதம் எழுதுங்க" என்றாள். ஒரே பக்கத்தில் எழுதினேன்: வாங்கிய தேதி, புகார் தேதிகள், வந்து பார்த்த தேதிகள், அவர்கள் செய்தது, நான் கேட்பது. யாரையும் திட்டவில்லை. 15 நாள் அவகாசம் கொடுத்தேன். பில், ஜாப் கார்டு, எஸ்.எம்.எஸ். நகல்களோடு கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசினேன். தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை. நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்களுக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. ஜூன் 27-இல் தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள். ஜூலை 1-இல் காயிலை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் பொறுப்பு என்பதையும் ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். வந்தது அதே தம்பிதான். காபி கொடுத்தோம், சிரித்துக்கொண்டே குடித்தார். அன்று சாயங்காலமே இன்சுலின் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வீட்டில் உள்ள பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் பில்களை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பில்லின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

நான் எழுதிய கடிதத்தின் மாதிரி வேண்டுபவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.