சாட்சியத்தில் சேராத சப்தம்

இருண்ட இசை என்று ஒரு வகைப் பெயர் புழக்கத்தில் இருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டால் கேட்பவனுக்கு வேலை சுலபம். பாழ்மண்டபம், நள்ளிரவு, திகில் என்று தயாராக இருக்கும் படிமங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். டெம்டைக் ஸ்டேரின் ‘டிரிப்டிக்’ தொகுப்பை இப்படிக் கேட்பது கேட்காமலிருப்பதற்குச் சமம்.

ஷான் கேன்ட்டி, மைல்ஸ் விட்டேக்கர் என்ற இருவர், வட இங்கிலாந்துக்காரர்கள். 2010-ல் வந்த இவர்களுடைய மூன்று இசைத்தட்டுகளை, மேலும் சில பகுதிகள் சேர்த்து, மூன்று குறுந்தட்டுகளாக 2011-ல் மான்செஸ்டரின் மாடர்ன் லவ் நிறுவனம் வெளியிட்டது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. பழைய தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், மின்கருவிகளின் கனத்த அதிர்வில் ஊறிக் கிடக்கின்றன. முள் உரசும் ஓசையை இவர்கள் துடைத்துவிடவில்லை.

டெம்டைக், லங்காஷயரில் பென்டில் மலைப்பக்கத்துக் கிழவி. பதிவேட்டில் எலிசபெத் சதர்ன்ஸ், டெம்டைக் மறுபெயர். சுமார் எண்பது வயது. பார்வை போனவள். சூனியக்காரி என்று 1612-ல் பிடிபட்டு, விசாரணைக்கு முன்பே லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இறந்தாள். ஆகஸ்டில் லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். அவளுடைய மகள், பேரன், பேத்தி அவர்களில் உண்டு. அவள் சொன்னதாக நமக்கு எஞ்சியிருப்பது அதிகாரி முன் பதிவான வாக்குமூலம். நீதிமன்ற எழுத்தர் தாமஸ் பாட்ஸ் எழுதி 1613-ல் அச்சான புத்தகத்தின் வழியே வந்தது. அதில் கீறலே கிடையாது. எல்லா வாக்கியங்களும் முடிந்திருக்கின்றன.

என்னிடம் ஒரு ஒலிநாடா இருக்கிறது. அத்தை பாடிய ஒப்பாரி. வருஷங்கள் போகப்போக இரைச்சல் ஏறி, குரல் அதற்குப் பின்னால் போய்விட்டது. இரைச்சலை நீக்கித் தருவதாக நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். அவளுக்கும் எனக்கும் நடுவே உள்ள தூரம் காதில் விழ வேண்டும் என்றிருந்தது. ‘டிரிப்டிக்’கின் உரசல் எனக்கு அப்படித்தான் அர்த்தமாகிறது. பிறர் கை பட்டு வந்த குரல் இது என்பதை அது மறைப்பதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இந்த நேர்மை இல்லை. ஒரு பகுதிக்கு ‘ஹஷாஷின் சான்ட்’ என்று பெயர். நிஜாரி இஸ்மாயிலிகள் மேல் அவர்களுடைய எதிரிகள் சுமத்திய பெயர் அது. ஐரோப்பியர் அதைச் சுற்றிக் கட்டுக்கதைகளை வளர்த்தார்கள். கீழைத்தேசம் என்றால் மர்மம் என்ற பழைய சரக்குதான் இங்கே தலைப்பாகியிருக்கிறது. பாட்ஸ் செய்ததும் பெயர் சூட்டுகிற வேலைதான். டெம்டைக்கின் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தட்டின் தலைப்பு ‘கேட்டலால் விடுதலை’ என்று பொருள்படுவது. திபெத்தில் இறந்தவனுக்காக வாசிக்கப்படும் ‘பார்டோ தோடல்’ என்ற நூற்பெயரிலிருந்து எடுத்தது. இறந்தவர்கள் பேச, உயிரோடிருப்பவன் கேட்கிறான் என்பதுதான் இம்மாதிரி இசையில் வழக்கமான பாவனை. அதை இத்தலைப்பு புரட்டிப்போடுகிறது. வாசிப்பைக் கேட்டுக் கிடக்கிற பிரேதத்தின் இடத்தில் நான் இருக்கிறேன். பதில் சொல்ல எனக்கு வாயில்லை. 1612-ல் அந்தக் கிழவிக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

விசாரணையில் முக்கிய சாட்சி அவளுடைய இன்னொரு பேத்தி ஜென்னட். ஒன்பது வயதிருக்கும். தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைத்து வந்தார்கள். மகளைக் கண்டதும் தாய் கத்தினாள். அவள் இருந்தால் பேச முடியாது என்றது குழந்தை. தாயை வெளியே கொண்டுபோனார்கள். எல்லோரும் பார்க்கும்படி குழந்தையை மேஜைமேல் நிறுத்தினார்கள். குழந்தை பேசியது முழுக்கப் பதிவாயிற்று. தாய் கத்தினாள் என்று பாட்ஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கத்தலை எழுத அவரிடம் எழுத்து இல்லை.

சாட்சியமாகச் செல்லாதது என்று வெளியே தள்ளப்பட்ட அந்தச் சப்தம் எங்கே போகும்? ‘டிரிப்டிக்’கின் சிறந்த பகுதிகளை நான் அதற்காகத்தான் கேட்கிறேன்.