ஆக இளையவரின் வயது

மகளுக்குப் பதினாறு வயதானதும் அவள் கேட்டது ஒரு 125 சிசி மோட்டார் சைக்கிள். நோர்வேயில் ஏ1 அனுமதிப்பத்திரத்துக்கு அந்த வயது போதும். 125 சிசி, 11 கிலோவாட், அதற்கு மேல் கூடாது. சனிக்கிழமைகளில் லோரென்ஸ்கூக்கில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். நாங்கள் இருப்பது வெஸ்ட்லியில். மெட்ரோவின் கடைசி நிலையம். நித்திரையாகிப் போனாலும் தவறவிட முடியாத நிலையம். ஆனால் விடியற்காலையில் பள்ளத்தாக்கின் மறுகரைக்குப் போவதற்கு மெட்ரோ உதவாது.

ரிஸ்லோக்காவில் ஓட்டுப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு வந்தாள். பத்து வயதான யமஹா ஒன்றைப் பதினெட்டாயிரம் குறோணருக்குப் பார்த்து வைத்தோம். காப்புறுதிதான் பாக்கி. அது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

நான் கணினி ஆலோசகன். இருபது வருடங்களுக்கு முன் துறொண்ட்ஹெய்முக்கு முதுமாணிப் படிப்புக்கு வந்தவன். படித்ததும் பார்ப்பதும் இந்த வேலைதான். எனவே ஒரு அட்டவணை போட்டேன். ஐந்து நிறுவனங்கள், மூன்று வகைக் காப்புறுதி. முதலாவது 'அன்ஸ்வார்', அதாவது பொறுப்புக் காப்புறுதி. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி இது இல்லாமல் வாகனம் வைத்திருக்க முடியாது. வாகனத்தால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், பிழை யாருடையது என்று பார்க்காமலே ஈடு உண்டு. பெருங்குற்றம் செய்திராவிட்டால் ஓட்டியவருக்கும் உண்டு. இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தபோது நெஞ்சு கொஞ்சம் இளகியது. இரண்டாவது டெல்காஸ்கோ: களவு, தீ, வழியில் நின்றுபோனால் உதவி. மூன்றாவது முழுக் காஸ்கோ: தானே விழுத்தி உடைத்தாலும் கிடைக்கும்.

முழுக் காஸ்கோவுக்கு வந்த விலை, வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒரு வருடத்துக்கு. அதிலும் ஏப்ரல் வரை பனி கிடக்கும் ஊரில்.

விலைகளை ஒப்பிடுவதும் இலேசில்லை. 2018 முதல் வாகன வரியைக் காப்புறுதி நிறுவனங்களே தங்கள் கட்டணத்தோடு சேர்த்து அறவிடுகின்றன. ஒருவர் வரியோடு விலை காட்டுகிறார், இன்னொருவர் வரியில்லாமல். காருக்கு நான் வருடக்கணக்காகச் சேர்த்த எழுபத்தைந்து சதவீத போனஸ் மோட்டார் சைக்கிளுக்கு எடுபடவில்லை. காப்புறுதி எடுக்காமல் வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கலாமென்றால், வண்டி பதிவில் இருக்கும்வரை நாளுக்கு நாள் தண்டம் ஏறும். பதிவிலிருந்து நீக்கினால்தான் தப்பலாம்.

வேலைப் பழக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாக மாற்றிப் பார்த்தேன். தபால் இலக்கத்தை மாற்றினால் விலை கொஞ்சம் அசைந்தது. வருடத்துக்கு ஓடும் தூரத்தை மாற்றினால் இன்னும் கொஞ்சம். 'ஓட்டுபவர்களில் ஆக இளையவரின் வயது' என்ற பெட்டியில் 16 இருந்த இடத்தில் 46 என்று போட்டேன். விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

அடுத்த சனிக்கிழமை றொம்மனில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், சின்னவனுக்காகக் காத்து நின்றபோது, ஊர் அண்ணை ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"இதுக்கேன் தம்பி மண்டையைப் போட்டு உடைக்கிறீர்? உம்மட பேரில போடும். ஆர் வந்து பாக்கப்போறான்?"

வண்டி என் பெயரில் இருப்பதில் பிழையில்லை. மகளுக்குப் பதினெட்டு ஆகவில்லை, எப்படியும் என் பெயரில்தான் பதியப்போகிறோம். பிழை அடுத்த பெட்டியில்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்துக்குப் பெட்டிகளில் பொய் எழுதுவது புதிதல்ல. 1989இல் அண்ணா வேறொருவரின் கடவுச்சீட்டில் புறப்பட்டார். எனக்குப் பத்து வயது. அந்த மனிதரின் பெயரையும் பிறந்த திகதியையும் அண்ணா விறாந்தையில் நடந்து நடந்து பாடமாக்கினார். நான் கேள்வி கேட்கும் அதிகாரி. இன்றைக்கும் எழுப்பிக் கேட்டால் அந்தத் திகதியைத் தடுமாறாமல் சொல்வார். தன் பிள்ளைகளின் பிறந்தநாட்களில்தான் தடுமாறுவார். அந்தப் பொய்யை நாங்கள் ஒருநாளும் பொய் என்று சொன்னதில்லை. அது உயிர்.

நான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியது பதின்மூன்று வயதில், அப்பாவின் எம்.டி. 90 இல். பொருளாதாரத் தடைக்காலம். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். என் வயதை யாரும் கேட்கவில்லை. காப்புறுதி என்ற சொல்லை அப்பா சொல்லிக் கேட்ட ஞாபகமும் இல்லை.

அன்றிரவு மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வரும்போது மகள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 16 என்று ஒரு நிரல், பக்கத்தில் 46 என்று ஒரு நிரல்.

"அப்பா, நீங்கள் ஓடப்போறீங்களோ?"

"இல்லை."

"உங்களிட்ட மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருக்கோ?"

இல்லை. இந்த நாட்டில் எனக்குக் காருக்கு மட்டும்தான் இருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. இருபது வருடம் மற்றவர்களின் தரவுகளைச் சோதித்துச் சம்பளம் வாங்குபவன்!

"அப்ப நான் விழுந்தால் என்ன சொல்லுவம்?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. கணக்கு ஒன்றில் விடுபட்ட படியைக் கேட்பதுபோல.

அதற்கான பதிலை அவள் படுத்த பிறகு தேடி வாசித்தேன். 1989ஆம் ஆண்டுக் காப்புறுதி ஒப்பந்தச் சட்டம். அண்ணா புறப்பட்ட அதே வருடம். ஏமாற்றும் நோக்கோடு தவறான தகவல் கொடுத்திருந்தால் நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுபடலாம். அடிபட்ட மூன்றாம் ஆளுக்குப் பணம் போய்ச் சேரும். பிறகு அந்தப் பணத்தைக் கேட்டு என்னிடம் வரலாம். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. விபத்து நடந்த அன்று அவள் விறாந்தையில் நடந்து நடந்து ஒரு பொய்யைப் பாடமாக்குவது கண்ணில் வந்தது. கேள்வி கேட்கும் அதிகாரி மறுபடியும் நான்.

46 நிரலை அழித்தேன்.

திங்கட்கிழமை, வீட்டுக்கும் காருக்கும் காப்புறுதி வைத்திருக்கும் இடத்துக்கே தொலைபேசி எடுத்தேன். மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் கழிவு உண்டாம். இணையத்தில் எனக்கு அது கண்ணில் படவில்லை. பத்து வயது வண்டிக்கு முழுக் காஸ்கோ வேண்டாம் என்று டெல்காஸ்கோ எடுத்தோம். களவுக்கு ஈடு கிடைக்க எஃப்.ஜி. முத்திரையுள்ள பூட்டு வேண்டும் என்றார் பேசிய பெண். பூட்டின் விலை தனி. அந்த நிறுவனத்தில் இருபத்துமூன்று வயதுக்குக் குறைந்தவர் ஓட்டி விபத்து நடந்தால், நாங்கள் கையிலிருந்து கட்டும் பங்கும் கூடுதல். எல்லாம் சேர்த்து 46 வயதின் விலையைவிட அதிகம். முதலில் பார்த்து மலைத்த விலையில் அரைவாசி. மகள் பேக்கரிச் சம்பளத்தில் மாதம் முந்நூறு குறோணர் தருகிறாள். ஜூலை மாதம் மறந்துபோனாள். நானும் கேட்கவில்லை.

ரொறொன்ரோவுக்கு அண்ணாவிடம் சொன்னேன்.

"ஆரின்ர பேரில?"

"வண்டி என்ர பேரில. ஓடுறது அவள் எண்டு எழுதியிருக்கு. வயசும் சரியாய்ப் போட்டிருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எவ்வளவு கூட வந்தது?"

சொன்னேன். மனதுக்குள் டொலருக்கு மாற்றியிருப்பார்.

"ஹெல்மெற் நல்லதாய் வாங்கிக் குடுத்தனியோ?" என்று கேட்டார்.