மென்சவ்வின் வாயிலும் உவமையின் எல்லையும்

கலைப்பீடத்தில் தமிழ் பயிலும் ஒருவன் பற்றீரியாவின் மென்சவ்வைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். விஞ்ஞானம் விஞ்ஞானபீடத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை விளக்கப் புகும் விஞ்ஞானியும் உவமையையே துணைக்கு அழைக்கின்றார். உவமை புகும் இடத்தில் எமக்கும் அலுவல் உண்டு.

விடுதியில் என் அறைத்தோழர் உயிரியல் பயில்பவர். உயர்தரம் வரை தமிழிற் கற்ற அவர் இன்று ஆங்கிலத்திற் கற்கின்றார். புதிதாக அறிந்ததை என்னிடம் சொல்லத் தொடங்கிப் பாதிவழியில் மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தை நீக்க நாமிருவரும் செய்த முயற்சியின் பயனே இக்கட்டுரை.

மனிதக் குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் கலத்தினுள் சோடியம் அயன் மிகுமாயின் அது நஞ்சாகும். அதனை வெளியேற்றுவது என்ஹா-ஏ என்னும் புரதம். 388 அமினோ அமிலங்களாலான இச்சங்கிலி, மென்சவ்வை 12 முறை ஊடுருவி மடிந்து கிடக்கின்றது. ஒரு சோடியம் அயனை வெளியே விடும்போது இரண்டு புரோத்தன்களை அது உள்ளே எடுக்கின்றது. இவ்வாறு எதிரெதிர்த் திசையில் அயன்களைக் கொண்டுசெல்லும் புரதத்தை எதிர்க்கடத்தி எனலாம். இக்கருத்தை வகுத்தவர் 1978இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற பீற்றர் மிச்செல் ஆவார்.

இங்கு முதலில் தோன்றும் உவமை கதவு. ஆனால் கதவு திறந்தால் இருபுறமும் ஒருங்கே வெளியாகும். மென்சவ்வில் அவ்வாறு நேர்ந்தால், சுவாசத்தின் மூலம் கலம் அரிதிற் சேமித்த புரோத்தன் வேறுபாடு வீணே கரைந்துபோகும். எதிர்க்கடத்தியோ உட்புறம் திறந்திருக்கையில் வெளிப்புறத்தை மூடியும், வெளிப்புறம் திறக்கையில் உட்புறத்தை மூடியும் கொள்கின்றது.

அடுத்துத் தோன்றுவது பண்டமாற்று. நெல்லைக் கொடுத்து உப்பைப் பெறுவோர் இருவரும் ஒரே வேளையில் எதிரெதிரே நிற்பர். இங்கோ அயன்கள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. புரதத்தின் நடுவே 163ஆம், 164ஆம் இடங்களில் இரண்டு அஸ்பாட்டிக் அமிலங்கள் உள்ளன. எதிரேற்றம் தாங்கிய அவ்விடமே ஆசனம். சோடியம் அமர்ந்திருக்கும்போது புரோத்தன் அமர இயலாது. புரோத்தன்கள் அமர்ந்தால் சோடியம் விலகியே ஆகவேண்டும். ஆகவே இது கைமாற்று அன்று. ஓர் ஆசனத்துக்கான போட்டி.

விலை ஏன் ஒன்றுக்கு இரண்டு என நான் வினவினேன். வெளியே காரத்தன்மை மிகும்போது அங்கே புரோத்தன் அருகிவிடும். எனினும் கலத்தின் உட்புறம் எதிரேற்றம் உடையது. இரண்டு நேரேற்றங்கள் புகுந்து ஒன்று மட்டும் வெளியேறுவதால், அந்த மின்னிழுவையே தொழிலை நடத்துகின்றது. ஒன்றுக்கு ஒன்றாயின் இவ்விழுவையாற் பயன் விளையாது. தோழரின் விடையில் அன்று ஆங்கிலச் சொல் ஒன்றேனும் இடம்பெறவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் எத்தானா பாடன் குழுவினரும் ஜேர்மனியின் ஹாற்மூற் மிஷெல் குழுவினரும் இணைந்து 2005இல் இப்புரதத்தின் பளிங்குருவை வெளியிட்டனர். நான்காம், பதினோராம் சுருளிகள் நடுவிலே முறிந்து, பெருக்கற்குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிடுவதை அது காட்டிற்று. ஆனால் அப்பளிங்கு பீ.எச். 4இல் வளர்க்கப்பட்டது. 6.5இற்குக் கீழே இப்புரதம் தொழிற்படுவதில்லை, 8.5 அளவிலேயே அது முழுவேகம் பெறுகின்றது. நாம் கண்டது உறங்கும் வாயிற்காவலனின் உருவமே. அவனது அசைவுகளை வேறு சோதனைகள் கொண்டு உய்த்துணர வேண்டியிருந்தது. ஒற்றைக் கல்வெட்டிலிருந்து ஓர் அரசின் வாழ்வை உய்த்துணரும் வரலாற்று மாணவருக்கு இவ்விடர் புதிதன்று.

கலைச்சொல் ஆக்குவதுடன் தமிழில் விஞ்ஞானம் எழுதும் பணி முடிவதில்லை. எதிர்க்கடத்தி என்ற சொல் திசையைச் சொல்கின்றது, ஆசனத்தைச் சொல்லவில்லை. சொல் விட்டதை உவமை நிரப்பும். உவமை மிகைப்படுத்தியதை வாதம் திருத்தும். அவ்வாதம் நிகழ்வதற்கு இரு பீடத்தாரும் ஒரு மொழியில் ஓரிடத்தில் அமர்தல் வேண்டும். எம் விடுதியறையில் அதற்கு ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போதுமாயிருந்தன.